எந்த ஊர்க் குருவி?

நம் இதழில் அன்பர்கள் பலர் தாம் கண்டுவந்த இடங்களைப் பற்றி எழுதி வருகிறார்கள். தட்சிணேசுவரம், கங்காசாகர், பூரி என்று அவர்கள் காட்டிய தலங்களையெல்லாம் வீட்டில் இருந்தபடியே நானும் என் குடும்பத்தாரும் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். நான் இன்று அழைத்துச் செல்லும் இடத்தில் கோபுரமும் இல்லை, தீர்த்தமும் இல்லை. கொல்கத்தாவின் வடபகுதியில், வாய்க்கால் ஓரமாகக் கிடக்கும் ஒரு தெரு அது. வாரத்தில் ஆறு நாள் அதனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஞாயிறு காலையில் மட்டும் அங்கே கால் வைக்க இடம் இராது. காலிஃப் தெரு என்பது அதன் பெயர்.

மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் ரிஜிஸ்தர் எழுதிப் பிழைக்கும் எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. ஆயினும் அத்தெருவுக்குப் போன வழியில் நான் செய்த பிழையொன்றும், அதன் பின்னர்க் கற்ற பாடமொன்றும் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர்கள் காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறிச் சியாம்பஜாரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பாக்பஜார்த் திசையில் கால் மணி நேரம் நடந்தால் வாய்க்காலும் அதன் கரையை ஒட்டிய தெருவும் தென்படும். ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் வந்து திரும்பிய முனை இது. ஹாத்திபாகானில் நெடுங்காலமாகக் கூடிவந்த பிராணிச் சந்தை பின்னாளில் இங்கே பெயர்ந்து வந்தது என்பர். விடிந்ததும் போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் இடிபடாமல் நடக்க இயலாது.

தெருவின் தொடக்கத்தில் செடிகள். குளிர்காலமானால் சாமந்தியும் டேலியாவும் தொட்டி தொட்டியாக நிற்கும். அடுத்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் வண்ண மீன்கள். அதற்கப்பால் முயல், நாய்க்குட்டி, புறா. வடகொல்கத்தாவின் பழைய மாடி வீடுகளில் புறா வளர்ப்பது பரம்பரை வழக்கம். முதியவர்கள் புறாவின் சிறகை விரித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, சம்பந்தம் பேசுகிறவர்கள் போலப் பத்துக் கேள்வி கேட்ட பின்பே விலைக்கு வருவார்கள்.

அதன் பின் கூண்டுப் பறவைகள். நம்மவர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லும் சிறு கிளிகள் உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர் என்னும் இனம். கொண்டை வைத்த காக்கட்டீலும், உடலில் கோடு போட்ட ஜீப்ரா பிஞ்சும் அந்நாட்டுப் பறவைகளே. ஆனால் இங்கே விற்பவை அக்காடுகளைக் கண்டவை அல்ல. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பொரித்துக் கூண்டிலேயே வளர்ந்தவை. ‘பெங்காலீஸ்’ என்று ஒரு சிறு குருவி விற்கிறார்கள். பெயரில்தான் வங்காளம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்ட வெண்முதுகுச் சில்லையின் வழித்தோன்றல் அது. ஜப்பானியர் வீட்டுக் கூண்டுகளில் பெருகி உலகெங்கும் பரவியது.

இத்தெருவில் முதன்முறை என் காலை நிறுத்தியது பறவை அன்று, பறவைக்குரிய தீனி. கோணிப்பை நிறைய மஞ்சள் நிறத்தில் மணிமணியாக ஏதோ கொட்டிக் கிடந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன். தினை! வங்காளிகள் இதனைக் ‘காவோன்’ என்கிறார்கள். நம் முன்னோர் மலைச்சாரலில் விளைவித்த தானியம்; பரண்மீது ஏறிக் கவணும் தட்டையும் கொண்டு வள்ளி காத்த தானியம். அங்கே தினையைக் காக்கப் பறவையை ஓட்டினார்கள். இங்கே கூண்டிலுள்ள பறவையைக் காக்கத் தினையை விற்கிறார்கள். பக்கத்திலேயே, மைனாவுக்கும் புல்புலுக்கும் பிசைந்து கொடுக்கச் சத்து மாவும், பூச்சி தின்னும் பறவைகளுக்கு உயிருள்ள வெட்டுக்கிளியும் விற்கின்றன. சீமைப் பறவைகள் மட்டுமே விற்கும் சந்தையில் இவையெல்லாம் யாருக்காக என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்கு பச்சைக் குருவிகள்

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு ஞாயிறு. அப்போது எட்டு வயதான என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தைக்கு வெளியே, ஒரு சந்து முனையில் நின்றிருந்த ஒருவன் தோளில் தொங்கிய துணியைச் சற்றே விலக்கிக் காட்டினான். உள்ளே ஒரு சிறு கூண்டு. அதில் நான்கு சிறு குருவிகள். பசும் இலைபோல் நிறம். “ஹரா முனியா, பாபு! கிடைக்காத சரக்கு” என்றான். மகள் என் கையை இறுகப் பற்றினாள். இரண்டு வருஷம் நோய்ப் பயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த குழந்தை. நான்கும் 400 ரூபாய் என்றான், 300-க்குத் தந்தான். துணியை ஏன் மூடி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள். குருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இறங்கிச் சிறகடித்துக் குளித்தன. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். சற்று நேரத்தில் தட்டுத் தண்ணீர் பச்சையாக மாறிற்று. குருவிகள் பழுப்பு நிறமாயின. மார்பில் புள்ளி புள்ளியாகக் கோலம். எங்கள் கும்பகோணத்துப் பக்கம் வயல் வரப்புகளில் கூட்டமாக வந்து நெற்கதிரில் தொங்கும் அதே சில்லைக் குருவிகள்தாம்! சாயம் பூசி விற்றிருக்கிறான்.

ஏமாந்த வெட்கம் எனக்கு. குழந்தைக்கோ அதில் வருத்தமே இல்லை. அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. “அப்பா, இது எந்த ஊர்க் குருவி?” என்றாள்.

அக்கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நம் இல்லங்களில் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் யார் அறிமுகமானாலும் முதலில் கேட்பது, “தோமார் தேஷ் கோத்தாய்?” — உன் ஊர் எது? என்பதே. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போகும் அவளும் ‘கும்பகோணம்’ என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள். மனிதருக்கு ஊர் உண்டென்றால் குருவிக்கும் இருக்கத்தானே வேண்டும்?

மூன்றாம் நாள் ஒரு குருவி கூண்டின் அடியில் கிடந்தது. ஐந்தாம் நாள் மற்றொன்று. அடுத்த ஞாயிறன்று நான் மட்டும் அதே சந்து முனைக்குப் போனேன். அவனைக் காணவில்லை. அங்கே நின்ற வேறிருவரிடம் விசாரித்தேன். “பிகார்ச் சரக்கு” என்றான் ஒருவன். “மேதினிபூர்ப் பக்கம்” என்றான் மற்றவன். மூன்றாமவனாக வந்து நின்ற ஒரு வயதானவர் சிரித்துவிட்டு, “மூன்று நான்கு கை மாறி வருகிறது, பாபு. ஊரை யார் கண்டது?” என்றார். வீடு திரும்பியபோது மூன்றாவது குருவியும் இறந்திருந்தது.

எஞ்சிய ஒன்றை என்ன செய்வதென்று அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், நான் செய்தது ஏமாந்த செயல் மட்டுமன்று, சட்டப்படி குற்றமும் ஆகும் என்று அறிந்தேன். ஜன்னலைத் திறந்து விட்டுவிடலாம் என்றார் ஒருவர். இறகு நைந்த குருவி காக்கைக்கு இரையாகும் என்றார் இன்னொருவர். முடிவில் வனத்துறையாரிடம் கொண்டுபோய் ஒப்புவித்தேன். உள்ளே பயம்தான். அங்கிருந்த அதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கி, “இது எந்த இடத்தில் பிடிபட்ட பறவை? தெரியுமா?” என்று கேட்டார். என் மகள் கேட்ட கேள்வியேதான். தெரியாது என்றேன். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு எழுதி முடித்தார்.

பார்சல் ரிஜிஸ்தரில் பறவைகள்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். பார்சல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். “அந்த நாளில் இதெல்லாம் வண்டி வண்டியாக வரும். நானே ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறேன்” என்றார்.

அவர் சொன்னது 1980-ஐ ஒட்டிய காலம். மூங்கில் தட்டையால் பின்னிய அகலமான கூடைகள். உயரம் மட்டும் ஒரு சாண். பறவை எழும்பிப் பறந்து தலையை மோதிக்கொள்ளாதிருக்க அந்த ஏற்பாடு. ஒரு கூடையில் நூற்றுக்கணக்கான குருவிகள். ஏற்றும்போது எழுதிய எண்ணும் இறக்கும்போது எண்ணிய எண்ணும் ஒருபோதும் ஒத்திராது என்றார். “குறைந்ததை யாரும் புகார் செய்வதில்லை. குறையும் என்று தெரிந்துதான் கூடுதலாக ஏற்றுவார்கள்” என்று அவர் சொன்னபோது, ஒரு கணக்கெழுதுபவன் என்ற முறையில் எனக்கு உடல் கூசிற்று.

பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கூண்டுப் பறவை வாணிபம் நம் நாட்டில் மிகப் பழையது. சிவப்புச் சில்லைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அவடவட்’ என்ற பெயர் அகமதாபாத் என்னும் ஊர்ப்பெயரின் சிதைவேயாகும். அந்நகரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய குருவி, ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்டு போயிற்று. 1970-களில் பறவை ஏற்றுமதி செய்த நாடுகளுள் இந்தியா முன்வரிசையில் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் அழிந்துவரும் உயிர்களின் வாணிபத்தை ஒழுங்குசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் நம் நாடு சேர்ந்தது. 1990-91-இல், காகம் நீங்கலாக நம் நாட்டுப் பறவைகள் அனைத்தையும் பிடித்து விற்பது முற்றிலும் தடுக்கப்பட்டது.

தடுத்த பின்னும் வாணிபம் நின்றதா? பறவையியலாளர் அப்ரார் அகமது பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சந்தைகளைச் சுற்றிக் கணக்கெடுத்தார். நம் நாட்டின் சுமார் 1,300 பறவை இனங்களுள் ஏறத்தாழ 450 இனங்கள் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ விலைபோயிருப்பதாக இத்தகைய ஆய்வுகளிலிருந்து தெரியவருகிறது. துணியை விலக்கிக் காட்டும் வாணிபம் இன்றும் இருக்கிறது என்பதற்கு நானே சாட்சி.

பிடிப்பவர்கள் பெரும்பாலும் பரம்பரையாக அதே தொழிலில் உள்ள ஏழை மக்கள். பிகாரில் மீர்ஷிகார் என்றும், வடநாட்டில் பஹேலியா என்றும் சொல்லப்படுகிறவர்கள். அவர்களுடைய திறமை வியக்கத்தக்கது. ஆல், அரசு, பலா ஆகியவற்றின் பாலை எண்ணெயிட்டுக் காய்ச்சிப் பசையாக்கி, ஒன்றோடொன்று செருகும் மூங்கிற் கழிகளின் நுனியில் தடவி, கிளையில் உள்ள பறவையை ஓசைப்படாமல் ஒற்றி எடுப்பார்கள். சில்லை போன்ற கூட்டப் பறவைகளுக்குப் பழக்கிய குருவியை வைத்து வலை விரிப்பார்கள். இத்திறமை வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கிறது. சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் தொடங்கிய பறவை வலசை ஆராய்ச்சியில், பறவைகளைக் காயமின்றிப் பிடித்துக் காலில் வளையம் இட உதவியவர்கள் இந்த மீர்ஷிகார்களே. ஆகவே வலை விரித்தவனை மட்டும் வைது பயனில்லை. 300 ரூபாய் கொடுத்தவன் நான்.

முதலும் வட்டியும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். காட்டில் விறகு பொறுக்குகிறோம், தேன் எடுக்கிறோம், ஆற்றில் மீன் பிடிக்கிறோம். அளவாக எடுத்தால் அவை மீண்டும் பெருகுகின்றன. குருவியையும் அளவாகப் பிடித்தால் என்ன? முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துண்பதில் பாவம் என்ன?

கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. சில்லை ஒரு ஈட்டில் நான்கு முதல் ஆறு முட்டை வரை சாதாரணமாக இடும். மழைக்காலத்தில் நன்றாகப் பெருகும். பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை அடுத்த மழையைக் காண்பதில்லை; பாம்பும் பருந்தும் பசியும் அவற்றைக் குறைத்துவிடும். ஆகையால் சிலவற்றை மனிதன் எடுத்தால் இனம் அழிந்துவிடாது என்பது ஏட்டளவில் உண்மையே.

ஆனால் வட்டியை எடுப்பவனுக்கு முதல் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தக் காட்டில் எத்தனை ஜோடி, இந்த ஆண்டு எத்தனை பொரித்தன, ஏற்கெனவே எத்தனை போயின என்று கணக்கு வேண்டும். சந்தையில் அக்கணக்கு இல்லை. என் வீட்டுக்கு வந்த குருவிகள் நான்கு. பசையில் இறகு பிய்ந்து செத்தவை, கூடையில் மூச்சடைத்துச் செத்தவை, சாயத்தால் செத்தவை எத்தனையோ! விற்ற எண்ணிக்கை வேறு. காடு இழந்த எண்ணிக்கை வேறு.

மற்றொன்று காலம். ஆண் சிவப்புச் சில்லை கூடுகட்டும் பருவத்தில்தான் குங்குமம் போலச் சிவக்கும். பாடும் பறவைகள் அப்பருவத்தில்தான் உரக்கப் பாடும். வாங்குகிறவன் விரும்புவதும் அந்நேரத்துப் பறவையைத்தான். அதைப் பிடித்தால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது, விலை. மற்றப் பண்டங்கள் அருகினால் மாற்றுப் பண்டம் தேடுவோம். பறவை அருகினாலோ, அருமை என்பதாலேயே ஆசை மிகும். என்னை ஏமாற்றியவன் பூசிய பச்சைச் சாயத்தின் காரணம் இதுவே. உண்மையான பச்சைச் சில்லை உலகில் இந்தியாவில் மட்டுமே உள்ளது. ராஜஸ்தானத்து அபு மலைப் பக்கமும் நடு இந்தியாவில் சில இடங்களிலும் வாழ்கிறது. உலகளவில் அழியும் நிலையை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. அது அருகியதால் அதன் பெயருக்கு விலை. அப்பெயருக்காக வேறு குருவிக்குச் சாயம்.

கிழக்கே இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் கொடிது. அங்கே பாடும் பறவைகளுக்குப் போட்டி வைப்பது பெரிய பொழுதுபோக்கு. பாலித் தீவின் வெண்மைனா, கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிற்று. வைக்கோல் நிறத் தலையுடைய புல்புல் ஒன்று, குரலினிமையாலேயே ஜாவாவிலும் தாய்லாந்திலும் இல்லாமற் போயிற்று. நம் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூர் இன்று அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று.

மெந்திபதார் போன கதை

இவ்வளவும் படித்தபின், அளவாக எடுத்த மனிதர் எங்குமே இல்லையா என்று ஐயம் தோன்றிற்று. மேகாலயத்துக் காரோ மலைகளில் மலை மைனாவுக்குச் செயற்கைக் கூடு கட்டிய வழக்கம் ஒன்று இருந்ததாக ஒரு புத்தகத்தில் கண்டேன். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடும்பத்தோடு காமாக்யா தரிசனத்துக்குப் பாஸ் எடுத்திருந்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஹௌராவில் சராய்காட் எக்ஸ்பிரஸ் ஏறி கௌஹாத்தி சேர்ந்தோம். தரிசனம் முடிந்த மறுநாள், மனைவியையும் மகளையும் அலுவலக நண்பர் ஒருவரின் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு, நண்பரும் நானும் மெந்திபதார் வண்டியில் ஏறினோம். ரயில்வேக்காரன் என்ற பெருமையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மேகாலய மாநிலத்துக்கு முதன்முதல் ரயில் வந்தது 2014-ஆம் ஆண்டு நவம்பரில்தான். வந்த நிலையம் இந்த மெந்திபதார். அஸ்ஸாமில் துத்நோய் என்னும் இடத்தில் தனிப்பாதை பிரிந்து, சுமார் 20 கிலோமீட்டர் ஓடி மலையடிவாரத்தில் முடிகிறது. இறங்கியதும் கண்ணில் படுவன பாக்குத் தோப்புகள். நம் ஊர் வாசனை அடித்தாற்போல் இருந்தது.

நண்பருக்குத் தெரிந்த ஒரு காரோப் பெரியவர், எழுபது வயதுக்கு மேற்பட்டவர், வங்காளியில் ஓரளவு பேசினார். எங்களை உட்காரவைத்து வெற்றிலை பாக்குக் கொடுத்தார். மலை மைனா நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இன்னொரு வகையாக உண்டு. நம் பழைய நூல்கள் மைனாவை நாகணவாய் என்று குறிக்கும். கரிய உடல், காதோரம் மஞ்சள் மடல், மனிதன் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லும் குரல். அதனால்தான் அதற்கு இத்தனை கிராக்கி. மரப்பொந்தில் இரண்டு மூன்று முட்டையே இடும்.

பெரியவர் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். மூங்கிலைப் பிளந்து கூடைபோல் சட்டம் கட்டுவார்களாம். அதன்மேல் புல் வேய்வார்கள். ஊரோரத்தில், காடு திறந்த இடத்தில் நிற்கும் உயர்ந்த மரத்தில், மனிதன் ஏறி எட்டக்கூடிய இடத்தில் அதைக் கட்டிவிடுவார்கள். மைனா ஜோடி பொந்தென்றே எண்ணி வந்து முட்டையிடும். குஞ்சு தக்க பருவம் அடைந்ததும் எடுத்து, கையால் ஊட்டி வளர்த்து விற்பார்கள். தாயையும் தந்தையையும் தொடுவதில்லை. அவை மறுபடியும் அங்கேயே முட்டையிடும்.

“குஞ்சு எடுத்த நாளில் அந்த மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது. அண்டை மரத்தைக்கூட வெட்ட மாட்டோம். காடு குறைந்தால் மைனா வேறிடம் போய்விடும்” என்றார்.

காரோ மக்களின் நிலம் ‘அகிங்’ என்ற பெயரில் குலத்துக்குப் பொதுவாக இருப்பது. நோக்மா என்னும் தலைவர் அதற்குப் பொறுப்பு. மரம் இன்னாருடையது என்று ஊருக்கே தெரியும். நாளைக்கும் அதே மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தே அவர்களுடைய கையைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஏட்டில் கண்ட ‘வட்டி’க் கணக்கு இங்கே மரத்தில் தொங்கியிருக்கிறது.

“இப்போது?” என்றேன்.

“இப்போது அது குற்றம்” என்றார். மலை மைனா சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே அட்டவணையில், இருக்கிறது. மேகாலயத்தின் மாநிலப் பறவையும் அதுவே. பெரியவர் எழுந்து வாசலுக்கு வந்து, தோட்டத்துக்கு அப்பால் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். அவருடைய தந்தையார் கூடை கட்டிய மரம் அங்கே நின்றதாம். இப்போது ரப்பர்க் கன்றுகள் நிற்கின்றன.

சட்டத்தின்மீது அவருக்குக் கோபம் உண்டோ என்று நண்பர் கேட்டார். சிறிது நேரம் பாக்கை மென்றுகொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: “நாங்கள் திருடர்கள் அல்ல. ஆனால் எங்கள் குஞ்சும், யாரோ மரத்தை வெட்டிச் சாய்த்து எடுத்த குஞ்சும் பட்டணத்தில் ஒரே கூடையில் ஏறும்போது, பார்க்கிறவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?”

திரும்பி வரும் வண்டியில் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் கேட்டதும், வன அதிகாரி கேட்டதும், இவர் சொன்னதும் ஒன்றே. பறவை புறப்பட்ட மரத்துக்கும் வாங்குகிறவன் வீட்டுக்கும் இடையே ஊர் அழிந்துபோகிறது. ஊர் அழிந்த இடத்தில் அளவு நிற்காது. அளவோடு எடுத்தவனையும் அளவின்றி எடுத்தவனையும் பிரித்தறிய வழியில்லாதபோது, அரசாங்கம் கதவை முழுவதும் அடைப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது நஷ்டம். அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவருக்கு அந்த நஷ்டத்தை உண்டாக்கியது சட்டம் மட்டுமன்று. என்னைப்போல் ஊர் கேளாமல் வாங்கியவர்களும்தான்.

கேட்டுவிட்டு வாங்குங்கள்

அன்பர்கள் காலிஃப் தெருவுக்குக் கட்டாயம் போகவேண்டும். சாமந்தி வாங்குங்கள், மீன் வாங்குங்கள். குழந்தைகள் பறவை வேண்டுமென்றால், கூண்டிலே பிறந்து வளர்ந்த பட்ஜரிகர், ஜீப்ரா பிஞ்ச் ஆகியவற்றை வளர்ப்பவரிடமே வாங்கலாம். சீமைப் பறவைகளிலும் சிலவற்றுக்கு இப்போது பதிவு செய்ய வேண்டும் என்ற விதி உண்டு; கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சில்லை, மைனா, புல்புல் மட்டுமல்ல, நம் வீட்டுத் திண்ணைகளில் தொங்கிய பச்சைக்கிளியும் இன்று சட்டப்படி கூண்டுக்கு உரியதன்று. நம் ஊரில் கிளி ஜோசியம் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பின்னர்ச் சாதாரணக் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புண்ணியம் என்று எண்ணிக் குருவியை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுகிறவர்களும் ஒன்று சிந்திக்க வேண்டும். அந்தப் பணம் அடுத்த வலைக்கே போகிறது.

ஒருவன் துணியை விலக்கிக் காட்டினால், விலையைக் கேட்காதீர்கள். “இது எந்த ஊர்க் குருவி?” என்று மட்டும் கேளுங்கள். அவன் தடுமாறினால் நடந்துவிடுங்கள்.

நானும் மகளும் இப்போதும் மாதம் ஒரு முறை அத்தெருவுக்குப் போகிறோம். அரைக் கிலோ தினை வாங்கி வருகிறோம். எங்கள் மாடி வெளித்திண்ணையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கட்டி அதில் போட்டு வைக்கிறாள் மகள். பக்கத்துக் கூரைகளிலிருந்து சிட்டுக்குருவிகள் வருகின்றன, தின்கின்றன, போகின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வருகிறாள். ஊர் என்ற இடத்தில் எங்கள் தெருவின் பெயரை எழுதியிருக்கிறாள்.